ரெங்கத்துப் பழையதும் தெப்ராவ் புதியதும்

ஜூலை 7, திங்கள்

வெயில். பத்து மணிக்கே பின்பக்கத் தகரக் கூரை படபடவென்று வெடிக்கத் தொடங்கியது. துணி துவைக்கும் இயந்திரத்தைப் பழுதுபார்ப்பவர் இன்றும் வரவில்லை. புடவைகளைக் கையால் அலசினேன். இடது முழங்கால் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது.

காலை உணவின்போது உமையாளின் அறிவிப்பு. கார் வாங்கப் போகிறாள். ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, கூரையை மடித்துப் பின்னால் போட்டுவிடலாம். வயது அறுபத்தொன்பது. நான் ரொட்டிக்குக் காயா ஜாம் தடவிக்கொண்டிருந்தேன். தடவி முடித்தேன்.

"ஆச்சி, காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"ஒண்ணும் சொல்லலையே?"

"காயா தீந்துபோச்சு. முதல்ல அத வாங்கு."

சிரித்தாள். சிரித்தே என்னை வெல்லும் பழக்கம் என் தங்கைக்குப் பாவாடை கட்டிய காலத்திலிருந்து உண்டு.

பணம் அவளுடையது, அதில் எனக்குப் பேச்சில்லை. கண் விஷயத்தில் பேச்சு உண்டு. கிளக்கோமா. இரண்டு கண்ணிலும் பார்வை ஓரங்களிலிருந்து மூடிக்கொண்டு வருகிறது. நேர் எதிரே பார்ப்பது இன்னும் துல்லியம்: சாலைக்கு அந்தப்பக்கம் டுரியான் பழம் விற்பவர் பலகையில் எழுதியதை நிறுத்தாமல் படிக்கிறாள். காலடியில் படுத்திருந்த பக்கத்து வீட்டுப் பூனையை மிதிக்கிறாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால், "ஓட்டுறத கொஞ்சம் கொறைக்கணுமாம்." அவ்வளவுதான். மருத்துவர் அறைக்குள் என்னை விடுவதில்லை.

முப்பது ஆண்டு ஒரு மருந்துக் கம்பெனிக்காக ஜோகூர் மாநிலம் முழுவதும் பெட்டியும் மாதிரி மாத்திரையுமாக ஓட்டியவள். பொந்தியான், கோத்தா திங்கி, ரெங்கம். எந்த ஊரில் எந்தக் கிளினிக் வாசலில் நிழல் இருக்கும் என்பது வரை தெரியும். கணவர் இறந்த பிறகு என் வீட்டுக்கு வந்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். வீட்டில் இடம் இருந்தது. பொறுமை இருந்ததாக நினைவில்லை.

"கண்ணு இருக்கும்போதே ஒரு தடவ, ஆச்சி."

அவள் கேட்கிற கேள்வி, எந்தக் கார். நான் கேட்கிற கேள்வி, அவளால் முடியாமல் போன மறுநாள் யார் ஓட்டுவது. இந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. எனக்கு எழுபத்துநான்கு. கார் எனக்குக் குடை போல. நனையாமல் இருக்க.

மாலையில் மழை வரும் போல் இருந்து, வரவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

இயந்திரக்காரர் வந்தார். ஒரு ரப்பர் வளையம். ஐந்து நிமிட வேலை, பத்து நாள் காத்திருப்பு.

உமையாளின் தேர்வு இரண்டில் நிற்கிறது. இரண்டும் ஒரே ஜப்பான் கார்; நடுவில் முப்பது ஆண்டு. பழையது முதல் தலைமுறை, ரெங்கத்தில் தனசேகர் என்று ஒருவரிடம். புதியது நான்காம் தலைமுறை, தெப்ராவில் ஒரு ரீகான் கடையில். ஜப்பானில் ஓடி, கப்பலேறி, பளபளப்பாக்கப்பட்டு நிற்பது.

தெளிவுக்காக எழுதிவைக்கிறேன்.

பழையது: முன்விளக்குகள் உள்ளே மூடியிருந்து, பொத்தானை அழுத்தினால் தவளைக் கண் போல எழும். (உ. இதை ஒரு காரணமாகவே சொல்கிறாள்.) கிளட்ச், கை கியர். காற்றுப்பை இல்லை. பின்கண்ணாடி கண்ணாடியே அல்ல, பிளாஸ்டிக், மஞ்சள் பூத்துவிடும். மழையில் ஒழுகும். "கொஞ்சமாத்தான்." கதவுக்குக் கீழே துரு பிடிக்கும், இலைச்சருகு தண்ணீர் போகும் துளைகளை அடைத்துக்கொள்வதால். எடை குறைவு.

புதியது: தானியங்கி கியர். காற்றுப்பைகள். பின்னால் எடுக்கக் கேமரா. பக்கவாட்டில் வண்டி வந்தால் ஓரக்கண்ணாடியில் மஞ்சள் விளக்கு மின்னும். கோட்டைத் தாண்டினால் அலறும். ஒழுகாது.

படித்தவர் எவரும் ஒரு நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிடக்கூடிய வழக்கு. என்னால் ஓட்ட முடிந்தது புதியது. என் முழங்காலால் கிளட்ச் மிதிக்க முடியாது.

மனிதரில் புதிய தலைமுறை துள்ளும், பழையது எச்சரிக்கும். கார்களில் தலைகீழ் போலிருக்கிறது.

உ. வாதம்: "பழசுல ரோடு கையில தெரியும், ஆச்சி." ரோடு கண்ணில் தெரிய வேண்டும் என்றேன். அடுப்படிக்குப் போய்விட்டாள். சொல்லியிருக்க வேண்டியதில்லை. உண்மைதான், ஆனாலும்.

ஜூலை 10, வியாழன்

தெப்ராவ். கடும் நெரிசல். ரீகான் கடையில் குளிர்சாதனம் பிணவறை அளவுக்கு.

விற்பனையாளன் ஒரு தமிழ்ப் பையன், பெயர் நவீன், கழுத்தில் அட்டை, காலில் மிகக் கூர்மையான சப்பாத்து.

"வாங்க ஆண்ட்டி, வாங்க. யாருக்கு ஆண்ட்டி, மகனுக்கா?"

"எனக்கு," என்றாள் உ.

"வாவ்! செம லா, ஆண்ட்டி!"

உ. என் பக்கம் திரும்பி, "ஆச்சி, நீங்க முதல்ல உக்காந்து பாருங்க" என்றாள். பையன் தாழ்ந்த குரலில் அவளிடம், "உங்க பாட்டியா? ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்காங்களே." எங்களுக்குள் ஐந்து வயது வித்தியாசம். செட்டியார் வீட்டில் அக்காவை ஆச்சி என்போம் என்று விளக்கத் தெம்பில்லை. பாட்டியாகவே உட்கார்ந்தேன்.

உட்காருவது விழுவதற்குச் சமம். தரையில் இருக்கிறது இருக்கை. ஆனால் விழுந்த பிறகு நன்றாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். எல்லாம் கைக்கு எட்டும் தூரம். இரண்டு மிதிகள் மட்டும். இடது கால் ஓய்வெடுக்கலாம். எழுந்திருக்கத்தான் ஒரு கை கதவிலும் மறுகை நவீனிலும் வேண்டியிருந்தது.

பிறகு உ. உட்கார்ந்தாள். பையன் ஓரக்கண்ணாடி விளக்கைக் காட்டினான். வேறொருவனை வண்டியின் பக்கவாட்டில் மோட்டார்சைக்கிளில் மெதுவாக வரச் சொன்னான். விளக்கு மின்னியது.

"பாத்தீங்களா? நீங்க பாக்கலன்னாலும் கார் பாத்துக்கும், ஆண்ட்டி. நீங்க கவலையே பட வேணாம்."

உ. ஸ்டீரிங்கில் இருந்த கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கடையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டினாள், வாடகைக்கு எடுத்த புடவையைக் கட்டியவள் மாதிரி. இறங்கியதும் சொன்னது: "சத்தமே இல்ல. ஆஸ்பத்திரி லிஃப்டு மாதிரி இருக்கு."

எனக்கு லிஃப்டுகள் பிடிக்கும். மாடிப்படி ஏறத் தேவையில்லை.

வரும் வழியில் காயா வாங்கினோம்.

ஜூலை 12, சனி

ரெங்கம் போய் வந்தது. அங்கே வரை என் காரில், நான் ஓட்டி. உ. இடப்பக்கம் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாள். சாலையின் இருபுறமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை, செம்பனை, பிறகு செம்பனை.

தனசேகர், அறுபது இருக்கும். கூலாயில் தொழிற்சாலை சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். பெற்றோர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். மகள் சிங்கப்பூரில், பேரன் பிறந்திருக்கிறான், இரண்டு இருக்கைக் காரில் பேரனை எங்கே வைப்பது என்பதால் விற்கிறார்.

"எங்கப்பா சைக்கிள் தள்ளிட்டுப் போன எஸ்டேட்டு ரோட்டுல நான் இதுல கூரையத் தொறந்துட்டுப் போனேங்கம்மா. கெழவரு பாத்துட்டு, 'மேல மூட காசு இல்லியாடா?'ன்னாரு."

எனக்கு அந்த அப்பாவைப் பிடித்தது.

கார் சிவப்பு, வெயிலில் சிறிது வெளுத்த சிவப்பு. உ. வேலையைத் தொடங்கினாள். கம்பளத்தைத் தூக்கி முகர்ந்தாள். இருக்கைப் பெல்ட்டைக் கடைசி முனை வரை உருவி விரலால் தடவினாள். முன்பு, வெள்ளம் ஏறும் ஊரான கோத்தா திங்கியில் இருந்த கார். வெள்ளத்தில் கிடந்ததென்றால் பெல்ட்டின் அடிநுனியில் சேறு மிச்சமிருக்குமாம், யாரும் அங்கே கழுவுவதில்லையாம். சேறு இல்லை. கதவடியில் தட்டிச் சத்தம் கேட்டாள். ஒரு இடத்தில் மட்டும் உச்சுக்கொட்டினாள். தனசேகர், "அது பூசுனது, அக்கா. மறைக்கல" என்றார்.

அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில். தோட்டத்து ரோடு, தார் போட்டது, ஆளில்லாதது. இதை நியாயமாக எழுத வேண்டும்: மிக நன்றாக ஓட்டினாள். கியர் மாறுவது எனக்குத் தெரியவேயில்லை. எஞ்சினின் குரல் மட்டும் இறங்கி ஏறியது. தலைமுடியெல்லாம் முகத்தில். ஏதோ சொன்னாள், காற்றில் கேட்கவில்லை.

பிறகு அந்த வளைவு. இடப்பக்கம் பனை வரிசைக்கு நடுவிலிருந்து ஒரு மோட்டார்சைக்கிள். குலை வெட்டும் நீளக் கம்பைத் தோளில் வைத்திருந்த ஆள். நான் பார்த்தேன். அவளும் பார்ப்பாள் என்று இருந்தேன். கார் வேகம் குறையவில்லை. கத்தினேன். பிரேக். கம்பின் நுனி என் பக்கத்துக் கதவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"அலமாக், மக்சிக்!" என்றான் அவன், ஐயய்யோ அம்மா என்பது போல. மீதியை மலாயில் சொன்னான், நியாயமாகவே சொன்னான்.

அவன் போன பிறகு உ.: "வேகமா வந்துட்டான்."

அவன் வந்தது நடை வேகத்தில்.

தனசேகர் வீடு வரை இரண்டாம் கியரிலேயே வந்தாள். சாவியைக் கொடுக்கும்போது அவரிடம், "வேற யாருக்கும் குடுத்துறாதீங்க தம்பி, ரெண்டு நாள்ல சொல்றேன்" என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

மேகமூட்டம். சாம்பார் தீய்ந்தது. யாரும் குறைசொல்லவில்லை, அதுவே நிலைமையைக் காட்டும்.

மாலை நான்கு மணிக்குத் தானாகவே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"டாக்டரு போன மாசமே சொல்லிட்டாரு."

"என்னத்த?"

"ஓட்டவே கூடாதுன்னு. கொறைக்கச் சொல்லல. நிறுத்தச் சொன்னாரு."

அதற்குப் பிறகும் சந்தைக்குப் போயிருக்கிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள், என்னைப் பல் வைத்தியரிடம் கூட்டிப்போயிருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்திருக்கிறேன்.

"யாரையாவது சாகடிச்சிருப்பேடி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"ஆச்சி, நாளைக்கி உங்கள இனிமே படிக்காதீங்கன்னு ஒருத்தன் சொன்னா, அன்னைக்கே கண்ணாடிய கழட்டி வச்சிருவீங்களா?"

படிப்பதால் யாரும் சாவதில்லை என்றேன். சரியான பதில். சரியான பதில்களால் இந்த வீட்டில் இதுவரை எதுவும் தீர்ந்ததில்லை.

கார்ச் சாவியை என் முன்னால் வைத்தாள். அவளுடைய அன்றாடக் காரின் சாவி. பிறகு: "ஸ்போர்ட்ஸ் காரு வாங்கத்தான் போறேன். பக்கத்துல உக்காந்துக்குறேன். நீங்க ஓட்டுங்க."

"நான் ஒத்துக்கிட்டேனா?"

"வேற யாரு இருக்கா?"

இதுதான். திங்கட்கிழமை நான் மனத்துக்குள் கேட்ட கேள்வி, ஆறே நாளில் உரத்த குரலில். எனக்கும் ஒரு முதுமை இருந்தது; அதற்கென்று சில திட்டங்கள் வைத்திருந்தேன். பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது.

"அப்ப புதுசு," என்றேன்.

"பழசு. பக்கத்துல உக்காந்தா எனக்குக் கேக்கவாச்சும் கேக்கணும்ல."

"என் முழங்கால்?"

தொலைக்காட்சியைப் போட்டாள். சமையல் நிகழ்ச்சி. யாரோ ஒருத்தி இறாலை உரித்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 14, திங்கள்

பிசியோ. "கால நல்லா நீட்டுங்க, அம்மா." நீட்ட முடிந்தால் ஏன் வருகிறேன்.

இரவுச் சாப்பாட்டில் உ. யோசனை: கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம். நாளை செவ்வாய், முருகனுக்கு நல்லது. அப்பச்சி கடை வைப்பதா வேண்டாமா என்பதற்கும், தன் மூத்த மகனுக்கு, எங்கள் அண்ணனுக்கு, பெண் எடுப்பதற்கும் இப்படித்தான் முடிவு செய்தார். கடை நன்றாக நடந்தது. அண்ணனைப் பற்றி எழுதாமலிருப்பது நல்லது.

வெள்ளை வந்தால் பழையது. சிவப்பு வந்தால் புதியது. இரண்டு பொட்டலத்தையும் கட்டுவது நான். "நீங்க வக்கீலு, ஆச்சி. உங்க கைமேல நம்பிக்கை."

சம்மதித்தேன். களைப்பு. ஒரு காருக்காக இன்னொரு வாரம் பேசுவதைவிட முருகனே மேல்.

ஜூலை 15, செவ்வாய்

முழுவதையும் எழுதிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை.

கோயில் வாசல் பூக்கடையில் மல்லியும் சிவப்பு அரளியும் வாங்கினேன். உ. கால் கழுவப் போயிருந்தாள். தூணோரம் நின்று இரண்டு வாழையிலைத் துண்டிலும் அரளியையே வைத்து நாரால் கட்டினேன். மல்லியைக் கைப்பையில் போட்டு மூடினேன். உணர்ச்சிவசப்படவில்லை. நிதானமாகச் செய்தேன். கடவுளிடம் தீர்ப்புக் கேட்கவில்லை. தயார்செய்த தீர்ப்பில் கையெழுத்துத்தான் கேட்டேன்.

குருக்கள் பொட்டலங்களைச் சன்னதியில் வைத்து, தீபம் காட்டி, கண்ணை மூடி ஒன்றை எடுத்து வந்து கொடுத்தார். உ. பிரித்தாள். அரளி.

"சிவப்பு வந்துருக்கு, ஆச்சி. சாமி சொல்லிட்டாரு," என்றார் குருக்கள். எங்கள் இருவரையுமே அவர் ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்.

உ. தலையசைத்தாள். விபூதி வாங்கினாள். பிறகு என் பக்கம் திரும்பி, பார்க்காமலே, மெதுவாக:

"ஆச்சி, மல்லி உங்க கைப்பையில மணக்குது."

முப்பத்தைந்து ஆண்டு வழக்காடியவள். தடயத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே இன்று நீதிமன்றத்துக்குள் போயிருக்கிறேன்.

குருக்களுக்குத் திடீரென்று மணியைத் துடைக்கும் வேலை வந்துவிட்டது.

காரில் (நான் ஓட்ட), பெரிய சிக்னலில் நின்றபோது:

"சாமிய ஏமாத்துற அளவுக்கு என்ன பயம் உங்களுக்கு?"

"பயம் இல்ல. முழங்கால்."

"முழங்காலுக்காக யாராச்சும் முருகன ஏமாத்துவாங்களா?"

பச்சை விழுந்தது. பதில் சொல்லாமலிருக்கப் பச்சை விளக்கு ஒரு நல்ல ஏற்பாடு.

அவள்தான் மறுபடியும்: "சரி. புதுசே வாங்குவோம். வந்தது வந்ததுதான்."

நான் வென்றுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மல்லியைத் தண்ணீரில் போட்டேன், வீணாக்குவானேன்.

ஜூலை 16, புதன்

மழை, ஒருவழியாக. பின்பக்கம் ஒழுகுகிறது.

உ. நவீனுக்குப் போன் செய்து, சனிக்கிழமை வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொன்னாள். "தேங்க் யூ ஆண்ட்டி! பாட்டிக்கும் சொல்லுங்க!"

அதன்பிறகு எதையுமே கேட்கவில்லை. டயர் எந்த ஆண்டினது, எஞ்சின் எவ்வளவு ஓடியது, கூரைத் துணி எப்படி, ஒன்றும். முந்தைய வாரம் முழுக்க சாப்பாட்டு மேசையில் கிடந்த காகிதங்களை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். நான் சொல்வதற்கெல்லாம் "சரி ஆச்சி." புளிக்குழம்பு வைக்கவா, "சரி ஆச்சி." ஜன்னலை மூடு, "சரி ஆச்சி."

பிடிவாதக்கார உமையாளோடு வாழப் பழகியிருக்கிறேன். பணிவான உமையாள் எனக்கு அறிமுகமில்லாதவள். வீட்டில் யாரோ விருந்தாளி இருப்பது போலிருக்கிறது. மதியம் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். தொலைக்காட்சி ஓடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனசேகருக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். போனில் சொல்லக்கூடாதாம், நமக்காக இன்னொருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார், நேரில் போவதுதான் மரியாதை. அதில் மட்டும் பழைய உமையாள். சரி என்றேன். இப்போது நானும் சரி சொல்லத் தொடங்கிவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

மீண்டும் ரெங்கம். சாலை ஈரம், வெயில் இல்லை.

தனசேகர் வருத்தத்தைக் காட்டாமல் தேநீர் கொடுத்தார். "பரவாயில்லக்கா. காருன்னா மனசுக்குப் புடிக்கணும்." உ., "மனசுக்குப் புடிச்சுது தம்பி" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் பிஸ்கட்டைப் பார்த்தேன்.

கார் வெளியே, கூரை திறந்து நின்றது. அவர்தான், மரியாதைக்குத்தான் என்று நினைக்கிறேன், "பெரியக்கா ஒரு தடவ ஓட்டிப் பாக்கலியே? வந்ததுக்கு ஒரு ரவுண்டு போங்க" என்றார்.

என் உரிமம் கிளட்ச் காலத்தது. அப்போது வேறு இருந்ததில்லை. கடைசியாகக் கிளட்ச் மிதித்தது எப்போது என்று நினைவில்லை. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். உ. இடப்பக்க இருக்கையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள், பெல்ட் போட்டு, கைகளை மடியில் வைத்து. தெப்ராவில் வைத்த அதே மாதிரி.

விழுந்தேன், அதாவது உட்கார்ந்தேன். கிளட்ச் நான் பயந்த அளவு கனமில்லை. வலித்தது, தாங்கக்கூடிய வலி. கார் நின்றுபோனது. மீண்டும் நின்றுபோனது. தனசேகர் வாசலில் நின்றுகொண்டு பார்க்காத மாதிரி ஒரு கொய்யா இலையை ஆராய்ந்தார். மூன்றாம் முறை நகர்ந்தது. கேட்டைத் தாண்டியதும் எஞ்சின் அலறத் தொடங்கியது. இரண்டாம் கியருக்குப் போக வேண்டும், தெரிகிறது. கால் இருக்கும் இடத்தில் மனம் இல்லை, மனம் இருக்கும் இடத்தில் கை இல்லை. ஸ்டீரிங்கை விட்டுக் கையெடுக்கத் துணிவில்லை.

"மிதிங்க," என்றாள் உ.

"என்னது?"

"கிளட்ச்ச மிதிங்க, ஆச்சி!"

மிதித்தேன். அவளுடைய வலதுகை வந்து கியரை இழுத்தது.

"விடுங்க. மெதுவா. மெதுவா."

அலறல் இறங்கியது. கார் பெருமூச்சு விட்டது மாதிரி ஓடியது.

"இப்ப மூணு. மிதிங்க."

அவள் எங்கும் பார்க்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சத்தத்தில் ஒன்றும் புரிவதில்லை. எனக்குச் சாலை தெரிகிறது. "வளைவு" என்பேன். "ரெண்டு, மிதிங்க" என்பாள். "எதிரில லாரி." "கிளட்ச். நிறுத்துங்க. இப்ப ஒண்ணு." ஒரு இடத்தில் நான் மிதிக்குமுன் அவள் இழுத்துவிட்டாள், கியர் பல்லைக் கடிக்கும் சத்தம்.

"அறிவிருக்காடி? நான் சொன்னப்புறம் போடு!"

"நீங்க எங்க சொல்றீங்க? கோர்ட்டுல நின்ன மாதிரி யோசிச்சுக்கிட்டு இருக்கீங்க!"

"கத்தாத. மேடு வருது."

"அப்ப மிதிங்க!"

பனை வரிசைகளுக்கு நடுவே ஒரு சுற்று. யாரும் இடையில் வரவில்லை. வந்திருந்தால் நான் பார்த்திருப்பேன். முழங்கால் பற்றி எரிந்தது. ஒரு தடவைகூட "சரி ஆச்சி" என்று கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது தனசேகர் கேட்டைத் திறந்து பிடித்திருந்தார். அவள் கை கியரில், என் கை ஸ்டீரிங்கில் இருப்பதைப் பார்த்தார்.

"ரெண்டு பேரு ஓட்டுற காரு இப்பத்தாங்கம்மா பாக்குறேன்."

ஒரு காரை இருவர் பங்கிட்டு ஓட்டக்கூடாது என்று சட்டத்தில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. தேடிப்பார்க்கப் போவதுமில்லை.

ஜூலை 18, வெள்ளி

முழங்கால் பலாப்பழம். ஐஸ், மாத்திரை, கால் முக்காலியில். யாரிடமும் புகார் செய்யும் தகுதியில்லை.

காலையில் நான்: "ரெங்கத்துக்காரருக்குப் போன் பண்ணு. எடுத்துக்கறோம்னு சொல்லு."

உ. என்னை நேராகப் பார்த்தாள். நேராகத்தான் அவளுக்குத் தெரியும். "சாமி புதுசுன்னுல்ல சொன்னாரு?"

"சாமிக்கு யாரோ தப்பான தகவல் குடுத்துட்டாங்க."

சிரிக்கவில்லை, ஐஸ் பையைத் திருப்பி வைத்தாள். நிபந்தனைகள் சொன்னேன்: காலை வேளையில் மட்டும். மழையில் கிடையாது. நெடுஞ்சாலை கிடையாது. நான் "நில்" என்றால் நில். இதிலோ வேறு எந்தக் காரிலோ அவள் ஸ்டீரிங்கைத் தொடக்கூடாது, தனியாக, தெருமுனைக்குக்கூட. கடைசி நிபந்தனையில்தான் நேரம் எடுத்துக்கொண்டாள். ஜன்னல் பக்கம் போய் நின்றாள். பிறகு "ம்" என்றாள். அவளுடைய உரிமத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினாள். வாங்கி என் பையில் போட்டேன்.

தனசேகருக்குப் போன் செய்தாள். பிறகு தெப்ராவுக்கு, ஒலிபெருக்கியில் போட்டு.

"ஏன் ஆண்ட்டி? வேற கலர் வேணுமா? ரெண்டு வாரத்துல இன்னொண்ணு வருது லா!"

"கலர் இல்லப்பா."

"அப்புறம் என்ன? அது எல்லாத்தையும் தானே பாத்துக்கும் ஆண்ட்டி!"

"அதான். அதுல எனக்கு வேலையே இல்லப்பா."